‘விமானியின் பிழை’ என்னும் தீர்ப்பு: எரெபஸ் விபத்தின் இரு விசாரணைகளும் மனிதக் காரணி ஆய்வின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

விமான விபத்துகளின் காரணங்களை ஆராயும் துறையில் ‘விமானியின் பிழை’ என்னும் தொடர் நெடுங்காலம் இறுதி விடையாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து உளவியல் ஆய்வுகள் அவ்விடையை ஒரு வினாவாக மாற்றின. ஆயினும் அம்மாற்றம் விசாரணை அறிக்கைகளின் மொழிக்குள் இடம்பெற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1979ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவின் எரெபஸ் மலையில் நிகழ்ந்த விபத்தை ஆராய்ந்த இரு விசாரணைகள் பெரும்பாலும் ஒரே சான்றுகளைக் கொண்டு எதிரெதிரான முடிவுகளை எட்டின. அவ்வேறுபாட்டின் அடிப்படையை ஆராய்வதும், அது பின்வந்த டிரைடன் (1989), மங்களூரு (2010) விசாரணைகளில் எவ்வாறு தொடர்ந்தது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: மனிதக் காரணிகள், விமான விபத்து விசாரணை, எரெபஸ், வெண்மயக்கம், எதிர்பார்ப்பு, பின்னறிவுச் சாய்வு, நிறுவனப் பொறுப்பு.

முன்னுரை

விபத்து விசாரணை என்பது நடந்துமுடிந்த ஒரு நிகழ்வைச் சான்றுகளின் துணையோடு மீட்டுருவாக்கும் முயற்சியாகும். அவ்வகையில் அது வரலாற்றெழுதியலுக்கு மிக நெருக்கமானது. சிதைந்த உலோகத்துண்டுகள், பதிவுக்கருவிகள், உயிர்தப்பியோரின் கூற்றுகள், அலுவலகக் கோப்புகள் ஆகியவை அதன் மூலச்சான்றுகள். இச்சான்றுகளிலிருந்து காரணம் ஒன்றைப் பிரித்தெடுத்துக் கூறுமிடத்தில்தான் விசாரணை ஒரு தீர்ப்பாக உருமாறுகிறது. உயிர்நீத்த விமானி அத்தீர்ப்பை எதிர்த்து வாதிட இயலாதவர். எனவே அவருடைய மனம் கடைசி நிமிடங்களில் எவ்வாறு இயங்கியது என்னும் உளவியல் வினா, அறிவியல் வினாவாக மட்டுமன்றி நீதி சார்ந்த வினாவாகவும் அமைகிறது.

இந்திரம் பழுதுபட்டால் அப்பழுதுக்கான காரணத்தைத் தேடுவது பொறியியல் மரபு. உடைந்த உலோகத்தண்டு ஏன் உடைந்தது என்று வினவாமல் ‘தண்டு உடைந்தது’ என்று மட்டும் எழுதி எந்தப் பொறியாளரும் அறிக்கையை முடிப்பதில்லை. மனிதர் பிழைபட்டபோது மட்டும் ‘பிழைபட்டார்’ என்பதே முற்றுப்புள்ளியாக அமைந்தது. இம்முற்றுப்புள்ளி எவ்வாறு அகற்றப்பட்டது என்பதே மனிதக் காரணி ஆய்வின் வரலாறு எனலாம்.

1. ஆய்வுக்கூடத்திலிருந்து விமானியறைக்கு

இவ்வரலாற்றின் தொடக்கம் போர்க்காலத்தைச் சார்ந்தது. 1940ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஃபிரடெரிக் பார்ட்லெட்டின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் கென்னத் கிரெய்க் ஒரு மாதிரி விமானியறையை உருவாக்கினார். ‘கேம்பிரிட்ஜ் காக்பிட்’ என்று பின்னர் அறியப்பட்ட அக்கருவியில் விமானிகளை நீண்ட நேரம் அமர்த்தி, அவர்தம் களைப்பின் தன்மை ஆராயப்பட்டது. களைத்த விமானி வலுவிழந்து செயலற்றுப் போவதில்லை. அவருடைய கவனம் குறுகுகிறது. முழுமையாகக் காணவேண்டிய கருவிப்பலகையைத் தனித்தனிக் கருவிகளாகக் காணத் தொடங்குகிறார். தாம் ஏற்கத்தக்கதெனக் கொள்ளும் துல்லியத்தின் அளவும் தளர்கிறது. இவ்வளவும் நிகழும்போது, தம் செயல்திறன் குறையவில்லை என்றே அவர் நம்புகிறார். தன் பிழையைத் தானே உணர இயலாத நிலை மனித இயல்பின் பகுதி என்பது இதனால் தெளிவுற்றது.

அமெரிக்காவில் ஆல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் வேறொரு கோணத்தில் இச்சிக்கலை அணுகினார். தரையிறங்கிய பின்னர் இறக்கை மடிப்புகளை உள்ளிழுக்கவேண்டிய விமானிகள், தவறுதலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடும் நிகழ்வுகள் சில வகைப் போர்விமானங்களில் மீண்டும் மீண்டும் நேர்ந்தன. இரு கைப்பிடிகளும் ஒரே வடிவில் அருகருகே அமைந்திருந்ததே இதற்குக் காரணம் என்பதை அவர் கண்டறிந்தார். சக்கரக் கைப்பிடியில் சக்கர வடிவையும் மடிப்புக் கைப்பிடியில் ஆப்பு வடிவையும் பொருத்துவதே அவர் கண்ட தீர்வு. விரல்களே வேறுபாட்டை அறிந்துகொள்ளும்படி செய்த இந்த எளிய மாற்றம் பின்னர் விமான வடிவமைப்பின் பொதுநெறியாயிற்று.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்டு ஜோன்ஸ் ஆகிய இருவரும் கட்டுப்பாட்டுக் கருவிகளை இயக்குவதில் நேர்ந்த 460 பிழை அனுபவங்களைத் திரட்டி வகைப்படுத்தினர். அவற்றுள் ஏறத்தாழப் பாதி, ஒரு கைப்பிடிக்குப் பதிலாக மற்றொன்றை இயக்கிய பிழைகள். அனுபவம் மிக்க விமானிகளும் இவற்றைச் செய்திருந்தனர். ஆகவே ‘விமானியின் பிழை’ எனப்பட்டவற்றுள் பெரும்பகுதி, வடிவமைப்பாளரின் மேசையிலேயே விதைக்கப்பட்டவை என்னும் கருத்து வலுப்பெற்றது.

2. விசாரணை முறைமையும் எழுபதுகளின் விபத்துகளும்

ஆய்வுக்கூடத்தில் பிறந்த இவ்வறிவு விசாரணை மன்றங்களை உடனே சென்றடையவில்லை. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 26ஆம் உறுப்பு விபத்து விசாரணையை நாடுகளின் கடமையாக்கியது. அதன்வழி 1951இல் பன்னாட்டு உள்நாட்டு வான்போக்குவரத்து அமைப்பு 13ஆம் பின்னிணைப்பை ஏற்றது. விசாரணையின் ஒரே நோக்கம் விபத்துகளைத் தடுப்பதே. பழியையோ சட்டப்பொறுப்பையோ பங்கிடுவதன்று என்பது அப்பின்னிணைப்பு இன்று வலியுறுத்தும் கோட்பாடு. எனினும் ‘நேர்ந்திருக்கக்கூடிய காரணம்’ என்னும் தலைப்பின்கீழ் ஒரே வாக்கியத்தில் விடைகூறும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியிருந்தது. அவ்வாக்கியத்தின் எழுவாய் பெரும்பாலும் விமானியாகவே இருந்தார்.

எழுபதுகளில் நிகழ்ந்த மூன்று விபத்துகள் இவ்வழக்கத்தின் போதாமையை வெளிப்படுத்தின. 1972 டிசம்பர் 29 அன்று மயாமிக்கு அருகில் எவர்கிளேட்ஸ் சதுப்பில் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் வீழ்ந்ததில் 101 பேர் இறந்தனர். முன்சக்கர நிலையைக் காட்டும் சிறு விளக்கு எரியாததை ஆராய்வதில் விமானிகள் அனைவரும் மூழ்கியிருக்க, தானியங்கி உயரக்கட்டுப்பாடு விலகியதை எவரும் கவனிக்கவில்லை. 1977 மார்ச் 27 அன்று தெனரீஃபில் மூடுபனியில் இரு பேருருவ விமானங்கள் மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தனர். புறப்பாட்டு அனுமதி இன்றியே மூத்த விமானத்தலைவர் ஓடுபாதையில் விரைந்தார். எதிர்விமானம் ஓடுபாதையை விட்டு விலகியதா என்று விமானப் பொறியாளர் எழுப்பிய ஐயம் புறந்தள்ளப்பட்டது. 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டில், சக்கரக் கோளாற்றிலேயே கருத்தூன்றிய விமானத்தலைவர் எரிபொருள் தீர்வதை உணராததால் யுனைடெட் 173ஆம் எண் விமானம் வீழ்ந்து 10 பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் குறிப்பிட்டிருந்தனர். ஆனால் அழுத்தமாகக் கூறவில்லை.

இம்மூன்றிலும் விமானிகள் திறமை குன்றியவர்கள் அல்லர். பிழை தனிமனித மூளையில் மட்டுமன்றி, மனிதர்களுக்கிடையிலான அதிகாரப் படிநிலையிலும் உறைந்திருந்தது. 1979 ஜூன் மாதம் நாசா கூட்டிய பயிலரங்கு இக்கருத்தை மையமாகக் கொண்டது. ‘குழு வள மேலாண்மை’ என இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் பயிற்சிமுறை அதன்வழித் தோன்றியதாகும். ஆயினும் இந்நிலையிலும் ஆய்வின் எல்லை விமானியறையின் கதவோடு நின்றது. கதவுக்கு வெளியே இருந்த அலுவலகங்களை நோக்கி விசாரணையைத் திருப்பிய நிகழ்வு அதே ஆண்டின் இறுதியில் நேர்ந்தது.

3. எரெபஸ்: நிகழ்ந்தவை

1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து நிறுவனத்தின் டிசி-10 வகை விமானம் ஆக்லாந்திலிருந்து அண்டார்க்டிகாவைச் சுற்றிக்காட்டும் பயணமாகப் புறப்பட்டது. நண்பகல் கடந்து ராஸ் தீவிலுள்ள எரெபஸ் எரிமலையின் அடிச்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,465 அடி உயரத்தில், அது மோதியது. பயணிகள் 237 பேரும் பணிக்குழுவினர் 20 பேருமாக 257 பேரும் உயிரிழந்தனர். விமானத்தில் எந்தப் பழுதும் இல்லை. தரை அண்மை எச்சரிக்கைக் கருவி மோதலுக்குச் சில நொடிகளே முன்னர் ஒலித்தது.

பறப்புப் பாதையின் வரலாறு இங்கு இன்றியமையாதது. 1978இல் பாதைக் குறிப்புகள் கணினியில் ஏற்றப்பட்டபோது இறுதிப்புள்ளியின் நெடுங்கோடு 166 பாகை 48 கலை என்பதற்கு மாறாக 164 பாகை 48 கலை எனப் பதிவாயிற்று. இதனால் பாதை எரெபஸ் மலையின் மேலாகச் செல்வதற்குப் பதில், ஏறத்தாழ 27 மைல் மேற்கே, மக்மர்டோ நீரிணையின் தட்டையான பனிப்பரப்பின் மேலாகச் சென்றது. விபத்துக்கு 19 நாள்களுக்கு முன் நடந்த விளக்கக்கூட்டத்தில் விமானத்தலைவர் ஜிம் காலின்ஸ் கண்ட குறிப்பில் இருந்தது இந்த நீரிணைப் பாதையே. பயணநாளின் விடியலுக்கு முன் வழிசெலுத்தல் பிரிவினர் அப்புள்ளியைத் ‘திருத்தினர்’. திருத்தம் மிகச்சிறியது என்பது அவர்களின் எண்ணம். விமானிகளுக்கு அது தெரிவிக்கப்படவில்லை. காலையில் அவர்கள் புதிய எண்களைக் கருவியில் பதித்தனர்; பாதை இப்போது மலையை நோக்கியிருந்தது.

4. இரு விசாரணைகள், இரு எழுவாய்கள்

தலைமை விபத்து ஆய்வாளர் ரான் சிப்பிண்டேலின் அறிக்கை 1980 ஜூன் மாதம் வெளியாயிற்று. தம் இருப்பிடத்தைக் குழுவினர் உறுதியாக அறியாத நிலையில், தரைமேற்பரப்பும் தொடுவானமும் தெளிவாகப் புலப்படாத பகுதியை நோக்கித் தாழ்வாகப் பறப்பைத் தொடர விமானத்தலைவர் எடுத்த முடிவே நேர்ந்திருக்கக்கூடிய காரணம் என அது கூறியது. விளக்கக்கூட்டத்தின் குறைகளையும் பாதை மாற்றம் தெரிவிக்கப்படாததையும் அறிக்கை மறைக்கவில்லை. அவற்றைப் பின்புலமாக வைத்தது.

பொதுமக்களின் எதிர்ப்புக்கிடையே அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் ஒற்றை உறுப்பினராக நீதிபதி பீட்டர் மஹோன் 1981 ஏப்ரலில் தம் அறிக்கையை அளித்தார். விமானத்தின் கணினிப் பாதையை மாற்றி, அதனைக் குழுவினருக்கு அறிவிக்காத நிறுவனத்தின் செயலே முதன்மைக் காரணம் என்பது அவர் முடிபு. விமானிகளிடம் குற்றம் இல்லை என்றும் அவர் உரைத்தார்.

இவ்விரு வாக்கியங்களின் இலக்கணத்தை ஒப்புநோக்குவது பயனுடையது. முன்னதில் எழுவாய் ஒரு மனிதரின் முடிவு, காலம் மோதலுக்கு முந்திய சில நிமிடங்கள், இடம் விமானியறை. பின்னதில் எழுவாய் ஒரு நிறுவனத்தின் செயல். காலம் 14 மாதங்கள். இடம் ஆக்லாந்து அலுவலகம். சான்றுகள் பெரிதும் பொதுவானவை. வேறுபட்டது, காரணங்களின் சங்கிலியைப் பின்னோக்கித் தொடர்ந்து செல்லும்போது எங்கு நிற்பது என்னும் தெரிவு. விபத்தின் காரணத்தேடலில் நிற்குமிடத்தைத் தீர்மானிப்பது இயற்கையன்று, ஆய்வாளரின் நோக்கமே என்று டென்மார்க் அறிஞர் ஜென்ஸ் ராஸ்முசன் பின்னர்க் கோட்பாட்டளவில் விளக்கினார். எரெபஸ் விசாரணைகள் அவ்விளக்கத்திற்கு முன்தோன்றிய சான்றாகின்றன.

குரல்பதிவின் வாசகமும் ஒரு பூசலாயிற்று. இரைச்சல் மிக்க ஒலிநாடாவைப் படியெடுப்பது, சிதைந்த ஏட்டிலிருந்து பாடங்காணும் பணியை ஒத்தது. பாடவேறுபாடுகள் தோன்றுவது இயல்பு. விமானிகள் ஐயமுற்றிருந்தனர் என்பதற்குத் துணையாகச் சிப்பிண்டேலின் வாசகத்தில் இடம்பெற்ற ஒரு தொடர், ‘பெர்ட்’ என ஒருவரை விளிப்பதாக அமைந்திருந்தது. விமானியறையில் அப்பெயருடைய எவரும் இல்லை. தெளிவற்ற ஒலியைக் கேட்பவர் தம் முடிவுக்கேற்பப் பொருள்கொள்ளும் ஆபத்தை இது உணர்த்துகிறது. விபத்துக்குள்ளானோரின் புலன்கள் மட்டுமல்ல, விசாரிப்போரின் புலன்களும் எதிர்பார்ப்புக்கு ஆட்பட்டவையே.

5. கண்ட காட்சியும் எதிர்பார்த்த காட்சியும்

விசாரணை விடைகாண வேண்டியிருந்த உளவியல் வினா இதுவே: தெளிந்த காற்றில், மேகத்திற்குக் கீழே, அனுபவமிக்க விமானிகள் தம்முன் நின்ற மலையைக் காணாதது எவ்வாறு?

மஹோனின் விளக்கம் இரு கூறுகளைக் கொண்டது. முதலாவது, ‘ஒயிட்அவுட்’ எனப்படும் வெண்மயக்கம். மேகமூட்டத்தின்கீழ்ச் சிதறிப் பரவும் ஒளி, பனிச்சரிவின் நிழல்களை முற்றாக அழித்துவிடுகிறது. பனிவீழ்ச்சியோ மூடுபனியோ இல்லாதபோதும், தூரத்திலுள்ள கரும்பாறைகள் தெளிவாகத் தெரியும்போதும், எதிரே உயரும் வெண்சரிவு தொலைவுவரை நீளும் தட்டையான பரப்பாகத் தோற்றமளிக்கும். காண்பவர் தாம் காணவில்லை என்பதையே உணரார். இருளில் பறப்பவர் தம் பார்வையை நம்பாமல் கருவிகளை நாடுவார்; வெண்மயக்கத்தில் பறப்பவருக்கு அவ்வெச்சரிக்கை கிட்டுவதில்லை.

இரண்டாவது, எதிர்பார்ப்பின் ஆற்றல். நீரிணையின் மேல் பறப்பதாகக் குழுவினர் நம்பினர். உண்மையில் விமானம் மலையடிவாரத்திலுள்ள லூயிஸ் விரிகுடாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. விரிகுடாவின் இருபுறமும் தெரிந்த கரிய நிலமுனைகள், நீரிணையின் இருபுறமும் தெரியவேண்டிய முனைகளோடு ஒத்துத் தோன்றின. அளவிலும் தொலைவிலும் வேறுபாடு இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மனிதன் ஆக்கிய பொருள் எதுவும் அப்பனிவெளியில் இல்லை. மனம் தான் வகுத்துக்கொண்ட வரைபடத்திற்கு இயைந்தவற்றை ஏற்று, இயையாதவற்றை விளக்கிக் கழிக்கிறது. அதே நிறுவனத்தின் விமானத்தலைவரான கோர்டன் வெட் இவ்விளக்கத்தை விரிவாக ஆராய்ந்து 1983இல் நூலாக வெளியிட்டார்.

இவ்விரு கூறுகளும் இணைந்தால் மட்டுமே நிகழ்ந்தது விளங்கும். எதிர்பார்ப்பு தவறாயிருந்து காட்சி தெளிவாயிருப்பின் மலை தெரிந்திருக்கும். காட்சி மயங்கி எதிர்பார்ப்பு சரியாயிருப்பின், மலை முன்னே உள்ளது என்னும் அறிவு அவர்களை உயரே நிறுத்தியிருக்கும். காட்சி இயற்கையின் வினை. எதிர்பார்ப்போ அலுவலகத்தின் வினை. விளக்கக்கூட்டம் கட்டியெழுப்பிய மனவரைபடத்தை இரவில் ஒருவர் மாற்றிய எண் பொய்யாக்கியது. புலனுணர்வின் உளவியலைத் தொடர்ந்து சென்ற விசாரணை நிறுவனத்தின் வாயிலில் வந்து நின்றது இவ்வாறே. மனிதக் காரணி ஆய்வின் வரலாற்றில் எரெபஸ் பெறும் இடமும் இதனாலேயே சிறப்புறுகிறது.

6. ஆணையத்தின் எல்லைமீறல்

மஹோன் அறிக்கையின் மற்றொரு பகுதி அதன் வலிமையைக் குறைத்தது. நிறுவன அலுவலர்கள் முன்கூட்டித் திட்டமிட்டுப் பொய்யுரைத்தனர் என அவர் கடுஞ்சொற்களால் குற்றஞ்சாட்டி, விசாரணைச் செலவாக 150,000 நியூசிலாந்து டாலர் செலுத்துமாறு நிறுவனத்தைப் பணித்தார். 1981 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செலவாணையை நீக்கியது. 1983 அக்டோபரில் இலண்டன் பிரிவி கவுன்சில் மஹோனின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சதிக்குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று இல்லை என்பதும், குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு மறுமொழி கூறும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை என்பதும் அதன் அடிப்படை. விபத்தின் காரணம் பற்றிய மஹோனின் முடிவு அவ்வழக்கின் பொருளன்று.

இதில் பொதிந்துள்ள முரண் கருதத்தக்கது. இறந்த விமானிக்குத் தம் தரப்பைக் கூறும் வாய்ப்பில்லை என்பதே முதல் அறிக்கையின்மீது எழுந்த மனக்குறை. ஆணையம் அதே குறையை உயிருடனிருந்த அலுவலர்களுக்கு இழைத்தது. பழி நீங்கவில்லை, இடம் மாறியது. பாதையை மாற்றிய அலுவலரும் தாம் திருத்துவது சிறுபிழை என்று நம்பியவரே. விமானியின் எதிர்பார்ப்பை இரக்கத்தோடு விளக்கிய உளவியல், அலுவலரின் எதிர்பார்ப்புக்கும் அதே இரக்கத்தை நல்கியிருக்க வேண்டும்.

மஹோனின் அறிக்கை நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 1999இல்தான் முறைப்படி வைக்கப்பட்டது. விபத்தின் 40ஆம் ஆண்டு நினைவுநாளான 2019 நவம்பர் 28 அன்று, நிறுவனம் அந்நாளில் அரசுடைமையாக இருந்ததைச் சுட்டித் தலைமையமைச்சர் ஜெசிந்தா ஆர்டெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

7. டிரைடன்: பழியின்றிப் பொறுப்பை விரித்தல்

1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில் ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்-28 விமானம் புறப்பட்டவுடன் வீழ்ந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தனர். இறக்கைகளில் பனி படிந்திருக்க, அதனை நீக்காமலேயே விமானத்தலைவர் புறப்பட்டார். பழைய முறையில் இவ்வொரு வாக்கியமே போதுமான விடையாகியிருக்கும்.

நீதிபதி வர்ஜில் மோஷான்ஸ்கியின் ஆணையம் அவ்வாக்கியத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் சென்றது. விமானத்தின் துணை மின்னாக்கி பழுதுற்றிருந்தது. டிரைடனிலோ எந்திரத்தை மீளத் தொடக்கும் தரைக்கருவி இல்லை. எந்திரத்தை நிறுத்தினால் மீண்டும் இயக்க வழியில்லை. எந்திரம் ஓடும்போது பனிநீக்கம் செய்ய அனுமதியில்லை. முந்தைய நிலையத்தில் கூடுதல் பயணிகளை ஏற்றுவதற்காக எரிபொருள் குறைக்கப்பட்டதால் டிரைடனில் எரிபொருள் நிரப்ப வேண்டியதாயிற்று, காலம் கடந்தது. இறக்கைப் பனியைக் கண்ட பணிப்பெண் விமானிகளிடம் கூறவில்லை. அத்தகைய தகவலை விமானிகள் வரவேற்பதில்லை என்பது அவர் அறிந்த பணிச்சூழல். 1992இல் வெளியான இறுதி அறிக்கை நிறுவனத்தின் மேலாண்மையையும் அரசின் மேற்பார்வையையும் ஆராய்ந்து 191 பரிந்துரைகளை வழங்கியது. விமானத்தலைவரின் முடிவு தவறானது என்பதை அது மறுக்கவில்லை. அத்தகைய முடிவை எடுக்கும் நிலைக்கு அவரைத் தள்ளிய அமைப்பின் தோல்வியையும் உடன்வைத்துக் கூறியது.

ஜேம்ஸ் ரீசன் ‘மனிதப் பிழை’ என்னும் நூலை வெளியிட்ட ஆண்டு 1990. களத்தில் நிற்பவர் செய்யும் செயற்பிழைகளையும், நெடுநாள்களுக்கு முன் தொலைவிலிருந்தோர் விட்டுச்சென்ற உள்ளுறைப் பிழைகளையும் அவர் வேறுபடுத்தினார். எரெபஸ் விசாரணையில் உணர்ச்சிக் கொந்தளிப்போடு வெளிப்பட்ட உண்மை, இக்காலத்தில் அமைதியான கோட்பாட்டு மொழியைப் பெற்றது.

8. மங்களூரு: தொடரும் படிநிலை

2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூருவில் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தாக்கில் வீழ்ந்ததில் 158 பேர் இறந்தனர். 8 பேர் உயிர்தப்பினர். துணைவிமானி மும்முறை மேலெழுமாறு கூறியும், எச்சரிக்கைக் கருவி ஒலித்தும், நிலைப்படாத தரையணுகலை விமானத்தலைவர் கைவிடாததே நேரடிக் காரணம் என விசாரணை நீதிமன்றம் முடிவுசெய்தது.

அதே அறிக்கையின் துணைக்காரணங்கள் வேறொரு வரலாற்றைக் கூறுகின்றன. குரல்பதிவில் அடங்கிய 2 மணி 5 நிமிடங்களில் முதல் 1 மணி 40 நிமிடங்கள் விமானத்தலைவர் உறங்கியிருந்தார். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து விழித்தவரின் அறிவு சிறிது நேரம் மந்தமாக இருக்கும். இது ‘உறக்கத் தேக்கம்’ எனப்படும். உடலின் நாட்சுழற்சி தாழ்ந்திருக்கும் விடியற்பொழுதில் அது மிகும். மங்களூருவின் ரேடார் பழுதுற்றிருந்ததால் இறக்கத்திற்கான அனுமதி குறைந்த தொலைவிலேயே கிடைத்தது. விமானம் வழக்கத்தினும் உயரத்தில் இருந்தது. மேலெழும் முடிவைத் துணைவிமானி தாமே செயற்படுத்தலாமா என்பதில் விதிகள் தெளிவாக இல்லை.

கேம்பிரிட்ஜில் 1940இல் ஆராயப்பட்ட களைப்பும், போர்ட்லண்டில் 1978இல் வெளிப்பட்ட தயக்கமும் இவ்வறிக்கையில் ஒருங்கே இடம்பெறுகின்றன. ஆயினும் ‘நேரடிக் காரணம்’, ‘துணைக்காரணம்’ என்னும் பகுப்பு பழைய படிநிலையைக் காத்துவருகிறது. நாளேடுகளின் தலைப்புகளில் முதலாவதே இடம்பெறுகிறது. விதிகளின் தெளிவின்மையோ ரேடாரின் பழுதோ பொதுநினைவில் தங்குவதில்லை.

9. எதிர்வாதங்களும் அவற்றின் பெறுமதியும்

அமைப்புசார் விளக்கத்திற்கு எதிரான வாதங்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. எரெபஸ் விமானம் பாதுகாப்பு உயர வரம்பிற்குக் கீழே இறங்கியிருந்தது. மலை மறைத்ததால் மக்மர்டோ தளத்துடன் எதிர்பார்த்த வானொலித் தொடர்பும் கிட்டவில்லை. இதனைக் குழுவினர் எச்சரிக்கையாகக் கொண்டிருக்கலாம் என்பது சிப்பிண்டேல் தரப்பின் வாதம். முந்தைய பயணங்களும் தாழ்வாகவே பறந்தன, அவை விளம்பரப்படுத்தவும் பட்டன என்பது எதிர்த்தரப்பின் விடை. எழுதிய விதிக்கும் நடைமுறை வழக்கத்திற்கும் இடையிலான இவ்விடைவெளியில், விதியை மட்டும் கொண்டு தனிமனிதரை அளப்பது நேர்மையாகாது. அதே வேளையில் காரணங்களை எல்லையின்றி விரித்துக்கொண்டே போனால் எவருக்கும் எதையும் திருத்தும் கடமை இல்லாமற் போகும். இவ்வலை மிகையாக விரிக்கப்படுகிறதோ என ரீசனே பிற்காலத்தில் வினவியது குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் வெளியிட்ட ஆய்வு துணைபுரிகிறது. ஒரு நிகழ்வின் முடிவை அறிந்தவர்கள், அம்முடிவு முன்பே கணிக்கத்தக்கதாய் இருந்தது என மிகையாக மதிப்பிடுகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பின்னறிவுச் சாய்வு எனத்தக்க இது, தொடர்பு கிட்டாத வானொலியைத் தெளிவான எச்சரிக்கையாகக் காட்டுகிறது. பறந்துகொண்டிருந்தவருக்கு அது வழக்கமான இடையூறுகளுள் ஒன்று. இச்சாய்வு விமானியை மதிப்பிடுவோருக்கும் நிறுவனத்தை மதிப்பிடுவோருக்கும் பொதுவானது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மனிதக் காரணி ஆய்வின் வளர்ச்சி மூன்று படிகளைக் கொண்டது. கைப்பிடியின் வடிவிலிருந்து குழுவின் உறவுக்கும், அதிலிருந்து நிறுவனத்தின் முடிவுகளுக்கும் அது விரிந்தது. பின்வந்த படி முந்தையதை நீக்கவில்லை. மங்களூரு அறிக்கையில் மூன்றும் உடன் இருக்கின்றன.

இரண்டாவது, எரெபஸ் விசாரணைகளின் முரண் சான்றுகளின் குறைவால் நேர்ந்ததன்று. காரணச் சங்கிலியில் நிற்குமிடத்தைத் தெரிந்துகொண்டதால் நேர்ந்தது. அத்தெரிவை வெளிப்படையாக அறிவிக்கும் அறிக்கையே அறிவியல் நேர்மையும் நீதியும் உடையதாகும்.

மூன்றாவது, பிழைபட்டவரின் மனநிலையை அவர் நின்ற இடத்திலிருந்து காணும் நெறி, விமானிக்கு மட்டும் உரியதாகாது. மஹோன் விமானிக்கு அதனை அளித்தார், அலுவலருக்கு மறுத்தார். டிரைடன் அறிக்கை இருவருக்கும் அளித்ததால்தான் அதன் பரிந்துரைகள் வழக்குமன்றத்தில் சிக்காமல் நடைமுறையைச் சென்றடைந்தன.

திருத்தப்பட்ட ஓர் எண்ணை விமானிகளிடம் தெரிவிப்பதற்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்நிமிடம் ஏன் நிகழவில்லை என்று கேட்பதற்கு விசாரணைத்துறை பல ஆண்டுகள் பயில வேண்டியிருந்தது. காணாத மலைக்கு முன்னே நின்றவரின் கண்களால் ஒருமுறை நோக்கிய பின்னரே ‘பிழை’ என்னும் சொல்லை எழுதும் உரிமை விசாரிப்பவருக்குக் கிட்டுகிறது.